முழுக் கோழி எதுக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இன்றைக்குக் கதை ஒரு கோழியிலிருந்து ஆரம்பிக்குது. சரியாகச் சொன்னால், முழுக் கோழி வேண்டாம் என்று சொன்ன ஒரு மனுஷரிடமிருந்து.

1931 டிசம்பர். லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த ஸ்ட்ராண்ட் என்ற மாத இதழில், இன்னும் ஐம்பது ஆண்டுகளில் உலகம் எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை வருகிறது. எழுதியவர் வின்ஸ்டன் சர்ச்சில். அப்போது அவர் பிரதமர் இல்லை, அமைச்சர்கூட இல்லை. எழுதிச் சம்பாதித்துக்கொண்டிருந்த காலம். அணு ஆற்றல், தூரத்தில் இருப்பவரோடு பேசும் கருவி என்று அந்தக் கட்டுரையில் அவர் கணித்த பல விஷயங்கள் பின்னாளில் கிட்டத்தட்ட நடந்துவிட்டன. கோழியைப் பற்றியும் ஒரு கணிப்பு இருந்தது. நாம் சாப்பிடப்போவது நெஞ்சுக்கறியோ இறக்கையோதான். அதுக்காக ஒரு முழுக் கோழியை வளர்ப்பது அபத்தம். தேவையான பாகத்தை மட்டும் தனியாக ஒரு ஊடகத்தில் வளர்த்துக்கொள்ளலாம் என்றார்.

வங்கப் பஞ்சம் ஞாபகத்தில் இருக்கும் நமக்கு, சாப்பாட்டைப் பற்றிச் சர்ச்சில் சொல்வதைக் கேட்கக் கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. முழுக் கோழி எதுக்கு? ஆய்வக இறைச்சியின் வரலாறே இந்தக் கேள்விக்குப் பதில் தேடின வரலாறுதான். அந்தப் பதில் சர்ச்சில் நினைத்த மாதிரி வரவில்லை.

சாகாத இதயம்

சர்ச்சிலுக்கு இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. அந்தக் காலத்துப் பத்திரிகை படித்த யாருக்கும் ஒரு கோழி இதயத்தைப் பற்றித் தெரிந்திருக்கும்.

அலெக்சிஸ் கேரல் ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவர். வேலை பார்த்தது நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில். அறுந்த ரத்தக்குழாய்களைத் தைத்து ஒட்டும் முறையைக் கண்டுபிடித்ததற்காக 1912இல் நோபல் பரிசு வாங்கினார். அதே ஆண்டு ஜனவரியில், கோழிக் கருவின் இதயத்திலிருந்து ஒரு சின்னத் துண்டை வெட்டி, கண்ணாடிக் குடுவையில் வைத்து வளர்க்க ஆரம்பித்தார். அவருடைய உதவியாளர் ஆல்பர்ட் எபெலிங் அதைப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டார். கோழி வாழும் காலம் கடந்தது. துண்டு சாகவில்லை. பத்து வருஷம், இருபது வருஷம். ஜனவரி வந்தால் பத்திரிகைகள் அதுக்குப் பிறந்தநாள் செய்தி போடும். 1937இல் அமெரிக்காவில் லைட்ஸ் அவுட் என்ற வானொலித் தொடரில், ஒரு கோழி இதயம் வளர்ந்து வளர்ந்து உலகத்தையே விழுங்கும் திகில் நாடகம்கூட வந்தது. அந்தக் காலத்து பாட்காஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1944இல் கேரல் இறந்தார். குடுவையில் இருந்தது அவரையும் தாண்டி, 1946இல் நிறுத்தப்படும்வரை 34 ஆண்டுகள் ஓடியது.

ஆனால் அது இதயமே இல்லை. துடிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது. பெருகிக்கொண்டிருந்தவை சாதாரண இணைப்புத் திசு செல்கள். அடுத்த சிக்கல் இன்னும் பெரிசு. மற்ற ஆய்வகங்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தால் வேலைக்கு ஆகவில்லை. 1961இல் ஃபிலடெல்ஃபியாவின் விஸ்டார் ஆய்வு நிறுவனத்தில் லெனார்ட் ஹேஃப்லிக், பால் மூர்ஹெட் இருவரும் காரணத்தைக் காட்டினார்கள். சாதாரண மனித செல் ஒன்று ஏறத்தாழ 50 முறை பிரியும், அப்புறம் நின்றுவிடும். அப்படியென்றால் கேரலின் செல்கள் 34 வருஷம் எப்படி ஓடின? இன்று பெரும்பாலும் சொல்லப்படும் விளக்கம் இதுதான்: அந்த செல்களுக்கு உணவாக ஊற்றியது கோழிக் கருவை அரைத்து எடுத்த சாறு. அதில் உயிருள்ள புதுச் செல்களும் கலந்து உள்ளே போயிருக்கலாம்.

அதாவது, முழுக் கோழி வேண்டாம் என்று காட்டிய அந்தப் பெருமைக்குரிய குடுவைக்குள், பின்வாசல் வழியாக முழுக் கோழிக் கருக்கள் போய்க்கொண்டே இருந்தன. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. இந்தக் கதையில் இது திரும்பத் திரும்ப நடக்கும்.

பசியை மறக்காதவர்

அடுத்த ஆள் வில்லெம் வான் ஈலன். 1923இல் டச்சுக் கிழக்கிந்தியாவில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர்களிடம் கைதியாகச் சிக்கி, முகாம்களில் பட்டினி கிடந்தார். அங்கே அவர் கண்ட இரண்டு விஷயங்கள் மனதை விட்டுப் போகவில்லை. ஒன்று பசி. இன்னொன்று, விலங்குகள் நடத்தப்பட்ட விதம். போர் முடிந்து ஆம்ஸ்டர்டாமில் படிக்கப் போனவர், அங்கே ஓர் ஆய்வகத்தில் உயிரோடு வைத்திருந்த தசைத் துண்டைப் பார்க்கிறார். இதையே சாப்பாடாக வளர்த்தால் என்ன?

அந்த யோசனையைத் தூக்கிக்கொண்டு அவர் ஐம்பது வருஷம் அலைந்தார். 1999இல்தான் காப்புரிமை கிடைத்தது. அவர் விடாமல் தட்டியதால் 2005 வாக்கில் டச்சு அரசு 20 லட்சம் யூரோ ஒதுக்கி, பல்கலைக்கழகங்களை இந்த வேலையில் இறக்கியது. அந்தத் திட்டத்தில் வந்து சேர்ந்தவர்தான் மார்க் போஸ்ட்.

2013 ஆகஸ்ட் 5, லண்டன். கேமராக்கள் முன்னால் ஒரு சமையல்காரர் ஒரு பர்கரைப் பொரிக்கிறார். மாட்டின் தசை செல்களிலிருந்து வளர்த்த சுமார் 20,000 மெல்லிய இழைகளைச் சேர்த்துச் செய்தது. ரத்த நிறம் இல்லாததால் பீட்ரூட் சாறும் குங்குமப்பூவும் சேர்த்திருந்தார்கள். செலவு இரண்டரை லட்சம் யூரோ. பணம் கொடுத்தவர் கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின். சாப்பிட்டுப் பார்த்தவர்கள் கறி மாதிரிதான் இருக்கு, கொழுப்புதான் குறைச்சல் என்ற ரீதியில் சொன்னார்கள். வான் ஈலன் அப்போது உயிரோடு இருந்தார். 2015இல் இறந்தார்.

அதே 2015இல் அமெரிக்காவில் உமா வலேட்டி மெம்ஃபிஸ் மீட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்குகிறார். விஜயவாடாக்காரர். மருத்துவம் படித்தது நம்ம பாண்டிச்சேரி ஜிப்மரில். இதய நோய் நிபுணர். சின்ன வயதில் ஒரு பிறந்தநாள் விழாவில் வீட்டு முன்பக்கம் ஆட்டம் பாட்டம், பின்பக்கம் கோழியையும் ஆட்டையும் அறுக்கும் காட்சி. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததுதான் தன்னை உலுக்கியது என்று பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த நிறுவனம்தான் பின்னாளில் அப்சைட் ஃபுட்ஸ் ஆனது.

செல்லுக்குச் சோறு போடுவது யார்?

சரி, செல் வளரும் என்று நிரூபித்தாச்சு. அது எதைச் சாப்பிட்டு வளரும்?

2013 பர்கர் வளர்ந்தது கன்றுக் கருவின் சீரத்தில். அதாவது, சினையாக இருக்கும் மாட்டை அறுக்கும்போது, வயிற்றில் இருக்கும் கன்றின் இதயத்தில் ஊசி போட்டு எடுக்கும் ரத்தத்திலிருந்து பிரிக்கும் திரவம். உலகம் முழுக்க உயிரியல் ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகப் பயன்படுவது. செல் பெருகத் தேவையான ஹார்மோன்களும் வளர்ச்சிக் காரணிகளும் அதில் அப்படியே இருக்கும். விலை லிட்டருக்குப் பல நூறு டாலர். மாட்டைக் கொல்லாமல் மாட்டுக்கறி என்று சொல்லிவிட்டு, கன்றின் ரத்தத்தை ஊற்றி வளர்த்தால் என்ன அர்த்தம்? கேரலின் பின்வாசல் மறுபடியும் திறந்தாச்சு.

இந்தக் கதவை மூடினதுதான் கடந்த பத்து வருஷத்தின் உண்மையான சாதனை. போஸ்ட் தொடங்கிய மோசா மீட் நிறுவனத்தினர், சீரம் இல்லாமலே மாட்டுச் செல்லைத் தசையாக முதிர வைக்கும் முறையை 2022இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் விற்ற கோழிக்கறிக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் சீரம் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் சீரம் இல்லாத முறைக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

ஆனால் சீரத்தில் இயற்கையாகக் கிடைத்ததை இப்போது ஒவ்வொன்றாகத் தயாரித்துச் சேர்க்க வேண்டும். குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், இன்சுலின், வளர்ச்சிக் காரணிகள். குளுக்கோஸ் பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து. அமினோ அமிலங்களைச் சோயாவிலிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள். மக்காச்சோளம், சோயா. கோழித் தீவனமும் அதேதான்! வித்தியாசம் என்ன தெரியுமா? கோழிக்கு அப்படியே அள்ளிப் போட்டால் போதும். அரைப்பது, செரிப்பது, சத்தைப் பிரிப்பது எல்லாத்தையும் அதன் இரைப்பையும் குடலும் கல்லீரலும் பார்த்துக்கொள்ளும். செல்லுக்குக் குடல் கிடையாது. தட்டில் பரிமாறுகிற பக்குவத்தில் கொடுத்தால்தான் சாப்பிடும்.

சர்ச்சில் வீண் என்று நினைத்த பாகங்கள் என்ன வேலை செய்தன என்று இங்கேதான் புரிய ஆரம்பிக்குது.

பெரிய அண்டா

நாலு பேருக்கு பிரியாணி போடுகிற எல்லாருக்கும் நானூறு பேருக்குப் போட வராது. அளவை நூறால் பெருக்கினால் அரிசியும் கறியும் நூறு மடங்காகும். சூடு அப்படிப் பரவாது. அடி பிடிக்கும், மேலே வேகாது. செல் வளர்க்கும் பயோரியாக்டர் தொட்டியிலும் அதே பிரச்சினைதான்.

தொட்டி பெரிசானால் எல்லா செல்லுக்கும் ஆக்சிஜன் போய்ச் சேர வேண்டும். வேகமாகக் கலக்கினால் செல் உடைந்துபோகும். மெதுவாகக் கலக்கினால் மூச்சு முட்டும். செல்கள் வெளியேற்றும் அம்மோனியாவும் லாக்டிக் அமிலமும் சேர்ந்தால் அவற்றுக்கே விஷம். கோழிக்கு இதைச் சுத்தம் பண்ணச் சிறுநீரகமும் கல்லீரலும் இருக்கு.

கிருமி இன்னொரு தலைவலி. விலங்குச் செல் ஒரு முறை இரட்டிக்க ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். சில பாக்டீரியாக்களுக்கு 20 நிமிஷம் போதும். ஒரே ஒரு பாக்டீரியா உள்ளே புகுந்தால், ஓரிரு நாளில் தொட்டி முழுக்க அதோட ராஜ்ஜியம்தான். கோழிக்குத் தோல் இருக்கு, நோய் எதிர்ப்பு சக்தி இருக்கு. அழுக்குத் தரையில் கொத்தித் தின்றும் பிழைக்கும். தொட்டிக்கு அது இல்லை. அதனால் மருந்துத் தொழிற்சாலை மாதிரி சுத்தம் தேவை. அந்தச் சுத்தத்துக்கு எஃகு, வடிகட்டி, மின்சாரம், பணம் எல்லாம் வேண்டும்.

கடைசியாக ரத்தக்குழாய். திசுவுக்குள் ஒரு செல், சத்து கிடைக்கும் இடத்திலிருந்து 0.2 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலே திணற ஆரம்பிக்கும். அதனால்தான் இந்தத் துறையிலிருந்து பர்கரும் நக்கெட்டும் சீக்கிரம் வந்தன. தடியான ஒரு துண்டுக் கறி வருவது கஷ்டமாக இருக்கு. இதில் ஒரு வேடிக்கை. கேரல் ரத்தக்குழாய் தைத்து நோபல் வாங்கியவர். போஸ்ட், ரத்தக்குழாய் பற்றி ஆராய்ந்த பேராசிரியர். வலேட்டி இதய மருத்துவர். கேரல் 1935இல், அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கோடு சேர்ந்து, வெட்டி எடுத்த உறுப்புகளை உயிரோடு வைத்திருக்க ஒரு கண்ணாடி பம்ப்கூடச் செய்தார். ரத்த ஓட்டத்தின் அருமை நன்றாகத் தெரிந்த மூன்று பேர், ரத்த ஓட்டமே இல்லாத கறியை வளர்க்கப் புறப்பட்டார்கள்.

இதுக்கெல்லாம் கணக்கு போட்டவர்கள் இருக்கிறார்கள். டேவிட் ஹம்பேர்ட் என்ற வேதிப்பொறியாளர் 2021இல் விரிவான ஓர் ஆய்வை வெளியிட்டார். மருந்துத் துறையின் பெரிய தொட்டிகளுக்கு இணையாக, 20,000 லிட்டர் கொள்ளளவில் வளர்த்தால்கூட, கிலோவுக்கு சுமார் 37 டாலர் ஆகும் என்று அவர் கணித்தார். அதுவும் தொழிற்சாலை வாசலில், ஈரமான செல் கூழுக்கு. கடை விலை அதுக்கும் மேலே. இந்தத் துறைக்காரர்கள் அவருடைய அனுமானங்களை ஏற்கவில்லை. இதைவிட மலிவாக முடியும் என்கிறார்கள். அதைப் பெரிய அளவில் கடையில் விற்றுக் காட்டத்தான் இன்னும் ஆள் இல்லை. முதலீட்டாளர்கள் இதில் 300 கோடி டாலருக்கு மேல் போட்டார்கள். 2021இல் உச்சத்தில் இருந்த முதலீடு 2023இல் சரிந்தது.

இன்னொரு ஆய்வகக் கோழி

இப்போது 1946க்குத் திரும்பப் போவோம். கேரலின் குடுவையை நிறுத்திய அதே சமயத்தில், அமெரிக்காவில் 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடந்துகொண்டிருந்தது. ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடை நிறுவனம் பின்னால் இருந்தது. நெஞ்சில் கறி நிறைந்த, சீக்கிரம் வளரும் கோழியை யார் உருவாக்குவார்கள் என்பதுதான் போட்டி. 1948 இறுதிப் போட்டியில் ஜெயித்தவர் கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ். அவருடைய கோழி, கார்னிஷ் ரகத்தைக் கலந்து உருவாக்கியது. கார்னிஷுக்கு இன்னொரு பெயர் 'இந்தியன் கேம்'. அதில் ஓடுவது அசீல் என்ற நம்ம நாட்டுச் சண்டைச் சேவலின் ரத்தம். இன்று இந்தியாவில் பரவலாக வளர்க்கும் வென்காப் பிராய்லர், காப் வான்ட்ரெஸ் என்ற நிறுவனத்தின் வழி வந்தது. அந்தப் பெயரில் இருப்பது அதே வான்ட்ரெஸ்தான். சண்டைச் சேவல் உலகம் சுற்றி, பிராய்லராக ஊர் திரும்பியிருக்கு.

இந்தக் கலப்பு எவ்வளவு தூரம் போனது? கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957ஆம் ஆண்டு ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் பழைய ரகம் சுமார் 900 கிராம். புதுசு 4,200 கிராம்.

முழுக் கோழி வீண் என்ற சர்ச்சிலின் பிரச்சினைக்கு உலகம் கண்ட நிஜமான தீர்வு இதுதான். கோழியைத் தூக்கிப் போடவில்லை. கோழியையே ஒரு நெஞ்சுக்கறித் தொட்டியாக மாற்றிவிட்டது. சுமார் 40 நாளில் தயார். சுமார் 2 கிலோ தீவனத்துக்கு ஒரு கிலோ எடை. ஆய்வகக் கறி போட்டி போடுவது கிராமத்து நாட்டுக்கோழியோடு இல்லை மக்களே, இதோடு.

ஆனால் இந்தத் தொட்டி ஏன் இவ்வளவு மலிவு? அதன் செலவு முழுசும் பில்லில் வருவதில்லை. கால் தாங்காத எடையைச் சுமக்கிறது கோழி. நெருக்கமான கொட்டகையில் நோய் வராமல் இருக்கக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கின் விலையை நாளைக்கு மருத்துவமனையில் யாரோ கொடுப்பார்கள். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை இந்தியா 2019இல்தான் பண்ணைகளில் தடை செய்தது. உலகத்தில் ஆண்டுக்கு 7,000 கோடிக்கு மேல் கோழிகளை அறுக்கிறோம். தொட்டிக் கறி மட்டும் தன் ஒவ்வொரு செலவையும் பில்லில் காட்ட வேண்டியிருக்கு. இந்த ஒப்பீட்டில் நியாயம் இல்லை என்று இந்தத் துறைக்காரர்கள் சொன்னால், அதை நான் ஒத்துக்கொள்வேன்.

அதுக்காக, எல்லாக் கணக்கும் தொட்டிக்குச் சாதகம் என்றும் சொல்ல முடியாது. மருந்துத் தரச் சுத்தத்தில் தயாரித்த ஊடகத்தையே பயன்படுத்தினால், இந்தக் கறியின் கார்பன் சுமை சாதாரண மாட்டுக்கறியையும் மிஞ்சலாம் என்று 2023இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கு காட்டினார்கள். உணவுத் தர ஊடகமும் சுத்தமான மின்சாரமும் கிடைத்தால் கணக்கு மாறும். ஆக, பசுமை என்பது செல்லில் இல்லை. தொட்டிக்கு வரும் மின்கம்பியில் இருக்கு.

தட்டுக்கு வந்த பிறகு

2020 டிசம்பரில் சிங்கப்பூர்தான் உலகத்திலேயே முதலில் விற்பனைக்கு அனுமதி கொடுத்தது. உணவில் 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் தீவுக்கு அது பாதுகாப்புப் பிரச்சினை. மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தினால், மறுநாள் சிக்கன் ரைஸ் கடையில் தெரியும். 2022இல் அப்படியே நடந்தது. ஹலால் கேள்விக்கும் 2024இல் அங்கே பதில் வந்தது: ஹலாலான விலங்கின் செல்லிலிருந்து வந்து, ஹலால் அல்லாத பொருள் கலக்காமல் இருந்தால் சாப்பிடலாம் என்று ஃபத்வா குழு சொன்னது. அதே ஆண்டு மே மாதம் கடையில் விற்பனைக்கு வந்த கோழிக்கறிப் பொட்டலத்தில், வளர்த்த செல் இருந்தது 3 சதவீதம். மிச்சம் பெரும்பாலும் தாவரப் புரதம்.

அமெரிக்கா 2023 ஜூனில் இரண்டு நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தது. இத்தாலி அதே ஆண்டு நவம்பரில் தடை போட்டது. ஐரோப்பாவில் அப்போது விற்பனைக்கே வராத ஒரு பொருளுக்கு! 2024 மே மாதம் ஃப்ளோரிடாவும் அலபாமாவும் தடை செய்தன. பண்ணையாளர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கு. அது அவர்கள் பிழைப்பு. ஆனால் 3 சதவீதப் பொட்டலத்துக்கு எதிராகச் சட்டம் போடுவது, குழந்தை பிறக்கும் முன்னாலேயே சொத்துச் சண்டை போடுகிற மாதிரி.

இந்தியாவிலும் வேலை நடக்குது. 2019இல் ஹைதராபாத்தின் சிசிஎம்பிக்கு இதுக்காக மத்திய அரசு பணம் ஒதுக்கியது. 2024இல் கொச்சியின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், வஞ்சிரம், வாவல் மாதிரியான மீன்களின் செல்லை வளர்க்க ஒரு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது.

முழுக் கோழி எதுக்கு என்ற கேள்விக்கு நூறு வருஷம் கழித்து நமக்கு ஒரு பதில் இருக்கு: குடல், சிறுநீரகம், தோல், ரத்தக்குழாய், நோய் எதிர்ப்பு சக்தி. கோழி இதையெல்லாம் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை நாம் வீண் என்றோம். இதையெல்லாம் எஃகில் கட்ட முடியுமா என்றால், முடியும். மலிவாகக் கட்ட முடியுமா என்பதுதான் இன்னும் முடியாத கணக்கு. கோழியிடம் வாங்கிய இலவசத்துக்குக் கோழிதான் விலை கொடுக்குது என்பதால், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது வீண் வேலை இல்லை என்பது என் எண்ணம்.

அடுத்த முறை 'ஆய்வகக் கறி வந்தாச்சு' என்று உங்க ஃபோனில் செய்தி வந்தால் மூணு கேள்வி கேளுங்க. அந்த செல் என்ன சாப்பிட்டுச்சு? தொட்டி எத்தனை லிட்டர்? தட்டில் இருப்பதில் எத்தனை சதவீதம் அந்தக் கறி? பதில் இருந்தால் அது சாப்பாட்டுச் செய்தி. இல்லையென்றால், கேரலின் கோழி இதயத்துக்கு இன்னொரு பிறந்தநாள் கொண்டாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.